வாசகர் கேள்வி – பதில்: செல்லின் உள்ளே

மனித உடலின் செல்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு இப்பகுதியில் விடை தரப்படுகிறது.

கேள்வி: பாடப்புத்தகத்தில் வட்டமாக ஒரு செல்லை வரைந்து, நடுவில் உட்கரு, சுற்றிலும் மைட்டோகாண்டிரியா, கோல்கி, லைசோசோம் என்று பெயர் குறித்திருக்கிறார்கள். என் மகள் அந்தப் படத்தை மனப்பாடம் செய்கிறாள். உடலில் உள்ள செல் உண்மையில் அப்படித்தான் இருக்குமா?

பதில்: அந்தப் படத்தில் காட்டப்படும் நுண்ணுறுப்புகள் அனைத்தும் உண்மையானவை. ஆனால் அவை அனைத்தும் அதே அளவில், அதே இடங்களில் அமைந்த ஒரு செல்லை உடலின் எந்தப் பகுதியிலும் காண முடியாது. பல வகைச் செல்களுக்கும் பொதுவானவற்றைத் திரட்டி வரையப்பட்ட மாதிரிப் படம் அது. உடலில் ஏறத்தாழ 200 வகைச் செல்கள் உள்ளன என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. ஒவ்வொரு செல்லிலும் எந்தெந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று தனித்தனியே ஆராயும் முறைகள் வந்த பிறகு, உட்பிரிவுகளையும் சேர்த்தால் எண்ணிக்கை அதைவிடப் பன்மடங்கு மிகுதி என்பது தெரிய வந்திருக்கிறது.

இரத்தச் சிவப்பணுவை எடுத்துக்கொள்ளுங்கள். 7 முதல் 8 மைக்ரோமீட்டர் விட்டமும் இருபுறமும் உட்குழிந்த வடிவமும் கொண்ட அந்தச் செல், எலும்பு மஜ்ஜையில் முதிர்ச்சி அடையும்போதே, மரபணுக்கள் அடங்கிய தன் உட்கருவை வெளியேற்றிவிடுகிறது. ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்டிரியாவும் அதில் எஞ்சுவதில்லை. இவ்வாறு கிடைத்த இடம் முழுவதையும் ஆக்சிஜனைச் சுமக்கும் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நிறைத்துக்கொள்கின்றன. மைட்டோகாண்டிரியா இல்லாததால், தான் சுமந்து செல்லும் ஆக்சிஜனைத் தானே செலவழிக்கும் நிலையும் அதற்கு இல்லை. இதற்கு நேர்மாறாக, வாழ்நாள் முழுவதும் ஓயாமல் சுருங்கி விரிய வேண்டிய இதயத் தசைச் செல்லில், கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மைட்டோகாண்டிரியாக்களே நிரப்பியிருக்கின்றன. செரிமான நொதிகளைச் சுரக்கும் கணையச் செல்லில், புரதங்களைச் செய்யும் ரைபோசோம்கள் ஒட்டிய எண்டோபிளாச வலை என்னும் சவ்வு மடிப்புகள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். மருந்துகளையும் நச்சுப்பொருட்களையும் மாற்றியமைக்கும் கல்லீரல் செல்லில் ரைபோசோம் ஒட்டாத வழவழப்பான வலை மிகுதியாக இருக்கும். எலும்புத் தசையின் ஒரே செல்லில் பல உட்கருக்கள் உள்ளன. முதுகுத் தண்டிலிருந்து பாதம் வரை செல்லும் நரம்பு செல்லின் இழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் உடையது.

ஆகவே, உங்கள் மகள் படத்தை மனப்பாடம் செய்வதில் தவறில்லை. ஆனால் அதோடு, 'இந்தச் செல் என்ன வேலை செய்கிறது, அதற்கு எந்த உறுப்பு மிகுதியாகத் தேவைப்படும்' என்ற கேள்வியையும் ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார்க்கப் பழக்குங்கள். அந்தக் கேள்விக்கு விடை காணத் தொடங்கினால் பெயர்களும் அவற்றின் பணிகளும் தாமாகவே நினைவில் நிற்கும்.

கேள்வி: செல் சவ்வு என்பது செல்லை மூடியிருக்கும் ஓர் உறைதானே? கடும் வயிற்றுப்போக்கின்போது உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுப்பதற்கும் செல் சவ்வுக்கும் தொடர்பு உண்டு என்று ஒரு மருத்துவர் சொன்னார். விளக்க முடியுமா?

பதில்: மிக நெருங்கிய தொடர்பு உண்டு. செல் சவ்வை வெறும் உறையாகக் கருதினால் செல்லின் வாழ்க்கையில் மிக முக்கியமான பகுதியைத் தவறவிட்டுவிடுவோம் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சவ்வின் தடிமன் 7, 8 நானோமீட்டர்தான். நீரை விரும்பும் தலைப்பகுதியும் நீரை விலக்கும் வால்பகுதியும் கொண்ட பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்பு மூலக்கூறுகள், வால்கள் உள்நோக்கியும் தலைகள் வெளிநோக்கியும் இருக்குமாறு இரண்டு அடுக்குகளாக அணிவகுத்து இதை உருவாக்குகின்றன. ஆக்சிஜன், கார்பன் டைஆக்சைடு போன்ற சிறு மூலக்கூறுகள் இந்தக் கொழுப்பு அடுக்கை எளிதில் கடந்துவிடும். சோடியம், பொட்டாசியம், குளோரைடு போன்ற மின்னேற்றமுள்ள அயனிகளாலும் குளுக்கோஸாலும் அப்படிக் கடக்க முடியாது. அவற்றுக்கென்று சவ்வில் பதிந்திருக்கும் புரதங்களின் வழியாக மட்டுமே அவை நுழையவோ வெளியேறவோ இயலும்.

அந்தப் புரதங்களுள் தலையாயது, 1957-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்ஸ் ஸ்கோ கண்டறிந்து, 1997-இல் அதற்காக வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்ற சோடியம்–பொட்டாசியம் பம்ப் ஆகும். செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறு ஒவ்வொன்றையும் செலவழித்து அது 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. இதன் விளைவாகச் செல்லுக்கு வெளியே சோடியம் ஏறத்தாழ 10 மடங்கு மிகுதியாகவும், உள்ளே பொட்டாசியம் ஏறத்தாழ 30 மடங்கு மிகுதியாகவும் இருந்துகொண்டே இருக்கின்றன. நாம் அசையாமல் படுத்திருக்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு பணிக்கே போகிறது என்று மதிப்பிடப்படுகிறது. உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான இந்த வேறுபாடு அழிந்துவிட்டால் நரம்பு செய்தி கடத்தாது, தசை சுருங்காது, செல் நீரை உறிஞ்சி வீங்கத் தொடங்கும்.

இனி வயிற்றுப்போக்குக்கு வருவோம். காலரா கிருமி வெளியிடும் நச்சு, சிறுகுடல் செல்களின் குளோரைடு வழிகளை மூடவிடாமல் திறந்தே வைத்துவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் பாய, சோடியமும் நீரும் அதைப் பின்தொடர்ந்து லிட்டர் கணக்கில் வெளியேறுகின்றன. வெறும் நீரைக் குடித்தால் அது போதிய அளவில் உறிஞ்சப்படுவதில்லை. ஆனால் அதே செல்லின் சவ்வில், சோடியத்தையும் குளுக்கோஸையும் ஒன்றாகச் சேர்த்து மட்டுமே உள்ளே கடத்தும் வேறொரு புரதம் இருக்கிறது. பம்ப் உருவாக்கி வைத்திருக்கும் சோடிய வேறுபாடே அதை இயக்குகிறது. காலரா நச்சு அதைத் தொடுவதில்லை. இப்படி ஓர் இணைக் கடத்தல் இருக்க வேண்டும் என்று 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற அறிவியலாளர் முன்வைத்தார். குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து உள்ளே போகும்போது நீரும் உடன் போகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கரைசலில் சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்கு 75 மில்லிமோல் என்ற சம அளவில் இருப்பதன் காரணம் இந்தப் புரதத்தின் தேவைதான். சுவைக்காகச் சர்க்கரையை அளவுக்கு மீறிக் கூட்டினால், உறிஞ்சப்படாமல் குடலில் தங்கும் சர்க்கரை மேலும் நீரை இழுத்து வயிற்றுப்போக்கைக் கடுமையாக்கும். எனவே பாக்கெட்டில் குறித்துள்ள நீரின் அளவைச் சிறிதும் மாற்றாமல் கலக்க வேண்டும் என்பதைக் குழந்தைகள் உள்ள வீட்டார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

கேள்வி: நுண்ணோக்கி இல்லாமல் வெறும் கண்ணால் பார்க்கக்கூடிய செல் மனித உடலில் உண்டா?

பதில்: பெண்ணின் கருமுட்டை உண்டு. அதன் விட்டம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் என்பதால், கூரிய பார்வை உடையவருக்கு அது ஒரு மிக நுண்ணிய புள்ளியாகத் தெரியும்.

கேள்வி: உடலின் எல்லாச் செல்களிலும் ஒரே டி.என்.ஏ. இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் ஒரு செல் கண்ணாகவும் மற்றொன்று கல்லீரலாகவும் எப்படி மாறுகின்றன?

பதில்: உயிரியலின் மிக ஆழமான கேள்விகளுள் ஒன்றைக் கேட்டிருக்கிறீர்கள். செல்லின் உட்கருவுக்குள், 46 குரோமோசோம்களாகப் பிரிந்து, நீட்டி வைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரக்கூடிய டி.என்.ஏ. அடங்கியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் இவ்வளவு நீளம் அடங்குவதற்குக் காரணம், ஹிஸ்டோன் என்னும் புரத உருண்டைகளின் மீது, கண்டில் நூல் சுற்றியது போல அது சுற்றப்பட்டிருப்பதே. இந்தச் சுற்றலில்தான் உங்கள் கேள்விக்கான விடையின் ஒரு பாதி இருக்கிறது. இறுகச் சுற்றப்பட்ட பகுதியிலுள்ள மரபணுவைப் படிக்க முடியாது. தளர்ந்த பகுதியிலுள்ளதைப் படிக்கலாம். மறுபாதி, குறிப்பிட்ட மரபணுக்களின் அருகில் வந்து ஒட்டிக்கொண்டு, அவற்றைப் படிக்கத் தூண்டவோ தடுக்கவோ செய்யும் புரதங்களைச் சார்ந்தது. புரதங்களுக்கான ஏறத்தாழ 20,000 மரபணுக்களும் எல்லாச் செல்களிலும் இருந்தாலும், ஒவ்வொரு வகைச் செல்லும் அவற்றுள் தனக்குரியவற்றையே படிக்கிறது.

இன்சுலினை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதற்கான மரபணு உங்கள் தோல் செல்லிலும் இருக்கிறது. ஆனால் கணையத்தின் பீட்டா செல்தான் அதைப் படித்துப் பெருமளவில் இன்சுலினைச் செய்கிறது. உட்கருவில் மரபணுவுக்கு ஆர்.என்.ஏ. என்னும் நகல் எடுக்கப்படுகிறது, அந்த நகல் உட்கரு உறையின் துளை வழியாக வெளியே வருகிறது, ரைபோசோம் அதிலுள்ள எழுத்துகளை மும்மூன்றாகப் படித்து, புரதத்தின் கட்டுமானப் பொருட்களான அமினோ அமிலங்களைக் கோத்துக்கொண்டே போகிறது. (இந்த ரைபோசோமின் அமைப்பை அணு அளவில் வெளிக்கொணர்ந்ததற்காக வெங்கடராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனாத் ஆகிய மூவரும் 2009-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.) இவ்வாறு உருவாகும் சங்கிலி எண்டோபிளாச வலைக்குள் மடிந்து உரிய வடிவம் பெற்று, புரதங்களைப் பொதிந்து அனுப்பும் கோல்கி வழியாகச் சென்று, சிறு பைகளில் அடைபட்டு, அங்கே ஒரு துண்டு வெட்டி நீக்கப்பட்ட பின்னரே முழுமையான இன்சுலின் ஆகிறது. இரத்தத்தில் குளுக்கோஸ் உயரும்போது அந்தப் பைகள் சவ்வோடு இணைந்து இன்சுலினை வெளியே விடுகின்றன. மடிப்பில் பிழை நேர்ந்த புரதங்களை இனங்கண்டு அழிக்கும் ஏற்பாடும் செல்லுக்குள்ளேயே உண்டு.

ஒரு முறை கல்லீரலாகிவிட்ட செல் பொதுவாகத் தன் வகையை மாற்றிக்கொள்வதில்லை. ஆனால் அதன் உட்கருவில் பிற மரபணுக்கள் அழிந்துபோவதில்லை என்பதை ஜான் கர்டன் 1962-இல் தவளைகளைக் கொண்டு மெய்ப்பித்தார். ஷின்யா யமனாகா 2006-இல் நான்கே மரபணுக்களை எலியின் முதிர்ந்த செல்லில் செலுத்தி, அதை எவ்வகைச் செல்லாகவும் மாறக்கூடிய தொடக்க நிலைக்குத் திருப்பிக் காட்டினார். இருவரும் 2012-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

'எல்லாச் செல்களிலும் ஒரே டி.என்.ஏ.' என்ற விதிக்கு விலக்குகளும் உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கருமுட்டையிலும் விந்தணுவிலும் 23 குரோமோசோம்களே உள்ளன. நோய் எதிர்ப்பில் ஈடுபடும் லிம்போசைட்டுகளோ, எண்ணற்ற வகைக் கிருமிகளை அடையாளம் காணும்பொருட்டுத் தம் மரபணுத் துண்டுகள் சிலவற்றை வெட்டி வெவ்வேறு விதமாக இணைத்துக்கொள்கின்றன.

கேள்வி: மைட்டோகாண்டிரியா தாயிடமிருந்து மட்டுமே வருவது உண்மையா? அப்படியானால் மைட்டோகாண்டிரியா நோய்களும் தாய் வழியாக மட்டும்தான் வருமா?

பதில்: முதற்கேள்விக்கு 'ஆம்', இரண்டாவதற்கு 'இல்லை'. மைட்டோகாண்டிரியாவுக்கு உட்கருவினின்றும் வேறான, வட்ட வடிவிலான சொந்த டி.என்.ஏ. உண்டு. டி.என்.ஏ.வின் எழுத்துகளான கார இணைகள் 16,569-உம் 37 மரபணுக்களும் கொண்ட அது, பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை ஒத்திருக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் வேறொரு செல்லுக்குள் புகுந்து நிலைத்துவிட்ட பாக்டீரியாவே மைட்டோகாண்டிரியாவின் மூதாதை என்று லின் மார்குலிஸ் 1967-இல் வாதிட்டபோது அதை ஏற்றவர்கள் குறைவு. இன்று அது பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட உண்மை. விந்தணு கொண்டுவரும் மைட்டோகாண்டிரியாக்கள் கருவுற்ற முட்டையில் அழிக்கப்பட்டுவிடுவதால் தாயினுடையவையே பிள்ளைக்கு எஞ்சுகின்றன.

ஆனால் அந்த 37 மரபணுக்களுள் புரதங்களுக்கானவை 13 மட்டுமே. மைட்டோகாண்டிரியா இயங்கத் தேவையான ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிற புரதங்கள் உட்கருவின் மரபணுக்களால் செய்யப்பட்டு உள்ளே அனுப்பப்படுகின்றன. அம்மரபணுக்கள் தந்தையிடமிருந்தும் வருபவை. எனவே மைட்டோகாண்டிரியா நோயுள்ள குழந்தையின் தாய் மீது மட்டும் பழி சுமத்துவது அறிவியலுக்கும் ஒவ்வாதது, அறத்துக்கும் ஒவ்வாதது. இந்நோய்கள் மூளை, தசை, இதயம், கண் ஆகியவற்றை முதலில் தாக்குவதற்குக் காரணம், அவையே ஆற்றலை மிகுதியாகச் செலவழிப்பவை என்பதாகும். ஆக்சிஜன் துணையுடன் மைட்டோகாண்டிரியா ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.டி.பி. கிடைக்கச் செய்கிறது, அது இல்லாவிட்டால் கிடைப்பவை 2 மட்டுமே.

கேள்வி: ஏழு ஆண்டுகளுக்கு ஒரு முறை உடலின் எல்லாச் செல்களும் மாறிப் புதிய உடல் கிடைத்துவிடுகிறது என்று பலரும் பகிர்கிறார்கள். இது சரியா?

பதில்: சரியன்று. இது எவ்வளவு தவறானது என்பதை அளந்தே காட்டிய ஆய்வுகள் இருக்கின்றன. அவை அளந்த விதம் வியப்புக்குரியது. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் திறந்தவெளியில் நடத்தப்பட்ட அணுகுண்டுச் சோதனைகள், காற்றிலிருந்த கார்பன்–14 என்னும் கதிரியக்கக் கார்பனின் அளவை ஏறத்தாழ இரு மடங்காக்கின. 1963-இல் திறந்தவெளிச் சோதனைகளைத் தடை செய்யும் உடன்படிக்கை ஏற்பட்ட பிறகு அந்த அளவு ஆண்டுதோறும் சீராகக் குறைந்துவந்தது. தாவரங்கள் அந்தக் கார்பனை எடுத்துக்கொள்ள, உணவு வழியாக அது மனித உடலுக்குள்ளும் வந்தது. ஒரு செல் பிரிந்து புதிதாகத் தோன்றும்போது அதன் டி.என்.ஏ.வில் சேரும் கார்பன், அந்த ஆண்டின் காற்றிலிருந்த அளவைத் தாங்கியிருக்கும். அதன்பின் அது பெரும்பாலும் மாறுவதில்லை. எனவே டி.என்.ஏ.வில் உள்ள கார்பன்–14 அளவைக் கொண்டு செல்லின் பிறந்த ஆண்டைக் கணக்கிட்டுவிடலாம். சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த யோனாஸ் பிரைசன் குழுவினர் 2005 முதல் இம்முறையைக் கையாண்டு வந்துள்ளனர்.

பெருமூளைப் புறணியின் நரம்பு செல்கள் அந்த மனிதரின் வயதையே கொண்டிருக்கின்றன என்பது இதனால் தெரிந்தது. இதயத் தசைச் செல்கள் 25 வயதில் ஆண்டுக்கு 1 விழுக்காடு அளவிலும், 75 வயதில் ஏறத்தாழ 0.45 விழுக்காடு அளவிலுமே புதுப்பிக்கப்படுகின்றன. நீண்ட ஆயுள் பெற்றவரின் இதயத்திலும் பாதிக்கு மேற்பட்ட தசைச் செல்கள் பிறந்தபோது இருந்தவையே. மாரடைப்பில் இறந்த தசை மீண்டும் முளைக்காமல் வடுவாகிவிடுவது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும். கொழுப்புச் செல்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு மாறுகின்றன. கண் வில்லையின் மையத்தில் உள்ள இழைச் செல்கள் நாம் கருவில் இருந்தபோது தோன்றியவை. ஒளி தடையின்றிச் செல்ல உட்கருவையும் நுண்ணுறுப்புகளையும் துறந்துவிட்ட அவற்றால் தம் புரதங்களைப் புதிதாகச் செய்துகொள்ள முடியாது என்பதும், முதுமையில் கண்புரை வருவதற்கான காரணங்களுள் ஒன்று.

மறுபக்கத்தில், சிறுகுடலின் உட்பரப்புச் செல்கள் மூன்று முதல் ஐந்து நாட்களில் மாறிவிடுகின்றன. தோலின் மேலடுக்குக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. சிவப்பணு 120 நாட்கள் வாழ்கிறது. உடலிலுள்ள ஏறத்தாழ 30 லட்சம் கோடி செல்களில் பத்தில் எட்டுக்கு மேல் சிவப்பணுக்களே என்பதால், அவற்றை ஈடுசெய்ய ஒவ்வொரு நொடியும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய சிவப்பணுக்கள் உருவாக வேண்டியிருக்கிறது. சில நாட்களே வாழ்வதையும் எண்பது ஆண்டுகள் வாழ்வதையும் ஒன்றாகக் கூட்டி ஏழு ஆண்டு என்று சராசரி சொல்வதில் பொருளில்லை.

மாறாத செல்லும் அப்படியே தேங்கி நிற்பதில்லை. தன் பழுதடைந்த புரதங்களையும் நுண்ணுறுப்புகளையும் சவ்வால் சூழ்ந்து, செல்லின் செரிமானப் பையான லைசோசோமுக்கு அனுப்பிச் சிதைத்து, அந்த மூலப்பொருட்களை மீண்டும் பயன்படுத்திக்கொள்கிறது. இந்தத் தன்னுண்ணல் முறைக்கான மரபணுக்களைக் கண்டறிந்த யோஷினோரி ஓசுமி 2016-இல் நோபல் பரிசு பெற்றார்.

கேள்வி: செல்கள் தற்கொலை செய்துகொள்ளும் என்று படித்தேன். எதற்காக? புற்றுநோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பதில்: உடல் உருவாவதற்கே இது தேவைப்படுகிறது. கருவில் கைவிரல்கள் முதலில் இணைந்தே இருக்கின்றன. இடையிலுள்ள செல்கள் இறப்பதால்தான் விரல்கள் பிரிகின்றன. மார்பிலுள்ள தைமஸ் சுரப்பியில் உருவாகும், நோய் எதிர்ப்புக்கான டி-செல்களில், உடலின் சொந்தப் பொருட்களையே தாக்கக்கூடியவையும் பயன்படாதவையுமாகப் பெரும்பான்மை அங்கேயே இறக்கின்றன. 1972-இல் கெர், வைலி, கர்ரி ஆகிய மூன்று அறிவியலாளர்கள் விவரித்த இந்த முறைப்படுத்தப்பட்ட இறப்பில் செல் சுருங்குகிறது, டி.என்.ஏ. துண்டாகிறது, செல் சவ்வு சூழ்ந்த சிறு பொட்டலங்களாகப் பிரிகிறது. அருகிலுள்ள விழுங்கு செல்கள் அவற்றை அழற்சி இல்லாமல் அகற்றிவிடுகின்றன. காயத்தாலோ இரத்த ஓட்டம் நின்றதாலோ இறக்கும் செல் அப்படியன்று: அது வீங்கி வெடித்து, உள்ளிருப்பதை வெளியே கொட்டி, சுற்றிலும் அழற்சியை மூட்டுகிறது.

டி.என்.ஏ.வில் சீர்செய்ய இயலாத சேதம் ஏற்படும்போது பி53 என்னும் புரதம் செல்லின் பிரிதலை நிறுத்தும் அல்லது அதை இறக்கச் செய்யும். மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்தப் புரதத்துக்கான மரபணுவே பழுதுபட்டிருக்கிறது. இறக்க வேண்டிய செல் இறக்காமல் பெருகிக்கொண்டே போகிறது. கீமோதெரபி மருந்துகளில் பலவும், கதிர்வீச்சும் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தி அத்தகைய செல்களை இறப்பை நோக்கித் தள்ள முயல்பவை. முடி வேர், குடல், எலும்பு மஜ்ஜை ஆகிய இடங்களில் விரைவாகப் பிரியும் நல்ல செல்களும் அதில் அகப்பட்டுக்கொள்வதே முடி உதிர்வுக்கும் வாய்ப்புண்ணுக்கும் இரத்த அணுக்கள் குறைவதற்கும் காரணம். சிகிச்சை முடிந்ததும் எஞ்சிய குருத்தணுக்களிலிருந்து (ஸ்டெம் செல்கள்) பெரும்பாலும் அவை மீள்கின்றன என்பதைச் சிகிச்சையில் இருப்போரின் குடும்பத்தினர் நம்பிக்கையோடு மனத்தில் கொள்ளலாம்.

கேள்வி: சிவப்பணுவில் உட்கரு இல்லை என்றால், இரத்தத்தை எடுத்து டி.என்.ஏ. பரிசோதனை செய்வது எப்படி?

பதில்: அந்த டி.என்.ஏ. வெள்ளை அணுக்களிலிருந்து கிடைக்கிறது. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 50 லட்சம் இருக்க, வெள்ளை அணுக்கள் 4,000 முதல் 11,000 வரையே உள்ளன. என்றாலும் அவை ஒவ்வொன்றிலும் உட்கரு உண்டு. ஆய்வகத்தில் முதலில் சிவப்பணுக்களை உடைத்து நீக்கிவிட்டு, எஞ்சும் வெள்ளை அணுக்களின் சவ்வைக் கரைத்து, புரதங்களை அகற்றி டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கிறார்கள். சில மில்லிலிட்டர் இரத்தமே இதற்குப் போதுமானது.